இடம் இல்லை என்கிறது கணினி!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நெல் வைக்க வீட்டில் இடம் போதவில்லை என்று ஒருவர் சொன்னால் கேட்பவர்கள் மகிழ்வார்கள். பெண் கொடுக்கக்கூட முன்வருவார்கள். கணினி 'இடம் போதவில்லை' என்று சொல்லும்போது மட்டும் யாருக்கும் மகிழ்ச்சி வருவதில்லை. சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவு, மணி பதினொன்றைத் தாண்டிய பிறகு, எங்கள் வீட்டுக் கணினி என்னிடம் அப்படிச் சொல்லிற்று. திரையின் வலப்பக்க மூலையில் சிறிய கட்டம் ஒன்று எழுந்து, 'சி' பிரிவில் இடம் மிகவும் குறைந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அன்றிரவு நான் செய்த காரியத்தையும் அதன் பயனாகக் கற்றுக்கொண்ட அறிவியலையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரி நண்பர்களில் பலருடைய வீட்டில் இதே போன்ற பழைய மடிக்கணினி ஒன்று இருக்கும். அவர்களுக்காவது இது பயன்படட்டும்.

முதலில் எங்கள் கணினியைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காவுக்குக் கிடைத்தது அது. மேல்நிலைப் படிப்போடு அக்கா நின்றுவிட்டாள். நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனால் அக்கா வாங்கிய மதிப்பெண்கள் என்னுடையவற்றைவிட அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவிடுவதே நேர்மை. இப்போது அவள் பகலில் தையல் வேலைக்குப் போகிறாள்; இரவில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் படிக்கும் முறை தனியானது. பாடத்தை உரக்கப் படித்துத் தன் குரலையே கைப்பேசியில் பதிவு செய்துகொள்வாள். மறுநாள் தையல் இயந்திரம் ஓடும்போது அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். அவளுடைய கைப்பேசியிலும் இடம் குறைவு. ஆகையால் கேட்டு முடித்த பாடங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவாள். திரும்பக் கேட்க வேண்டியபோது கணினியிலிருந்து எடுத்துக்கொள்வாள். இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கணினியைப் பயன்படுத்திக்கொண்டு, தெரியாமல் இருந்தேன்.

கணினி ஏன் இடம் கேட்கிறது என்பதை அடுத்துப் பார்ப்போம். காலியாகக் கிடக்கும் இடம் வீணான இடம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அது கணினிக்குக் களம் போன்றது. களத்தில் இடம் இருந்தால்தான் நெல்லைப் பரப்பலாம், தூற்றலாம், காயவைக்கலாம். எங்கள் கணினியின் தற்காலிக நினைவகம் 4 ஜி.பி.தான். இயங்கும் மென்பொருள்களுக்கு அது போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் வட்டில் ஒரு தனிக் கோப்பில் இறக்கி வைக்கிறது. இணைய உலாவி தான் பார்த்த பக்கங்களின் படங்களைச் சேர்த்து வைக்கிறது. அச்சுக்கு அனுப்பும் கோப்பும் முதலில் வட்டில்தான் எழுதப்படுகிறது. விண்டோஸின் புதுப்பிப்பு வந்து இறங்கவும் இடம் வேண்டும். இறங்கியதைப் பிரித்து விரிக்க மேலும் இடம் வேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் 'சி' என்னும் பிரிவிலேயே நடக்கின்றன. அங்கே இடம் இல்லையெனில் ஒவ்வொரு வேலையும் மற்றொன்றின் காலை மிதிக்கும்.

இதில் இயற்பியலும் இருக்கிறது. மடிக்கணினியின் வன்வட்டு, அதாவது நாம் ஹார்டு டிஸ்க் என்று சொல்வது, பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை அந்தத் தடத்துக்கு நகரும் நேரம் இதில் சேரவில்லை. வட்டில் நிறைய இடம் இருந்தால் ஒரு கோப்பு ஒரே நீளமாக எழுதப்படும்; ஒருமுறை காத்திருந்தால் போதும். இடம் குறைந்துவிட்டால் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று சிதறி எழுதப்படும். நூறு துண்டானால் நூறு காத்திருப்பு. கணினி 'திணறுகிறது' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

விண்டோஸில் ஒரு பிரிவின் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் அதைக் காட்டும் நீலப் பட்டை சிவப்பாக மாறும். எங்கள் வீட்டில் அது ஏறக்குறைய ஓராண்டாகச் சிவப்பாகவே இருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

அன்றிரவு நடந்ததற்கு வருகிறேன். செய்முறைப் பதிவேட்டுக்கான வரைபடங்களை முடித்துவிட்டுச் சேமிக்கப் போனால் கணினி மறுக்கிறது. முதலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். சில எம்.பி.தான் கிடைத்தது. பிறகு 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரில் ஒரு கோப்புறை கண்ணில் பட்டது. உள்ளே 84 ஒலிக்கோப்புகள். பெயரெல்லாம் வெறும் எண்கள். மொத்த அளவு 1.6 ஜி.பி. யாரோ அனுப்பிய பழைய பாட்டுகள் என்று எண்ணினேன். ஒன்றையாவது திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாதாரணமாக நீக்கினால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும், இடம் கிடைக்காது என்பதும் அன்றைக்குப் பார்த்து நினைவுக்கு வந்தது. ஆகவே ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நிரந்தரமாகவே நீக்கிவிட்டேன். அதோடும் நிற்கவில்லை. இணையத்தில் கண்ட ஏதோ ஓர் இலவசத் துப்புரவு மென்பொருளை இறக்கி நிறுவினேன். அது உங்கள் கணினியில் ஆயிரக்கணக்கான பிழைகள் உள்ளன என்று அச்சுறுத்திவிட்டு, அவற்றைச் சரிசெய்யப் பணம் கேட்டது. அதை மூடிவிட்டு வரைபடங்களைச் சேமித்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை தேர்வை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அக்கா கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "தம்பி, என் பாடமெல்லாம் எங்கடா?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவ்வளவும் எட்டு மாத இரவுகளில் படித்துப் பதிவு செய்தவை.

என் தந்தை அரிசி ஆலைக் கிட்டங்கியில் சுமை தூக்கும் தொழிலாளி. அவர் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அழிச்சுட்டேன் அழிச்சுட்டேன்னு சொல்றியே, அழிச்சது எங்கப்பா போகும்?" என்று கேட்டார். ஆற்றல் அழியாது, பொருள் அழியாது என்று முதலாமாண்டில் எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மறுநாள் காலையில் அதே கேள்வியை எங்கள் கணினி ஆய்வகப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "அதற்குப் பிறகு கணினியில் என்னென்ன செய்தாய்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "இனிமேல் அதைத் திறக்காதே. அப்படியே எடுத்துக்கொண்டு வா" என்பது அடுத்தது.

அவர் விளக்கியதை நான் வீட்டில் அப்பாவுக்குக் கிட்டங்கிக் கணக்காக மாற்றிச் சொன்னேன். இங்கும் அப்படியே சொல்கிறேன். கிட்டங்கியில் மூட்டைகள் அட்டி அட்டியாக அடுக்கியிருக்கும். எந்த அட்டி யாருடையது, எத்தனை மூட்டை, எந்த மூலையில் என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் இருக்கும். விண்டோஸ் வட்டிலும் அப்படி ஒரு பேரேடு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு. பெயர், அளவு, எங்கே கிடக்கிறது என்ற விவரம் அதில் எழுதப்பட்டிருக்கும். வட்டின் இடம் முழுவதும், வழக்கமாக 4096 பைட் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, எந்தக் கட்டம் நிறைந்தது, எது காலி என்பதற்கு இன்னொரு குறிப்பும் இருக்கும். நாம் ஒரு கோப்பை நிரந்தரமாக நீக்கும்போது நடப்பது இவ்வளவே: பேரேட்டில் அந்தப் பதிவு செல்லாதது என்று குறிக்கப்படுகிறது, அதன் கட்டங்கள் 'காலி' என்று எழுதப்படுகின்றன. மூட்டைகளை யாரும் தொடுவதில்லை. 1.6 ஜி.பி.யை நான் ஒரு நொடியில் நீக்கியது இதனால்தான். அதே கோப்புகளை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். குப்பைத் தொட்டியோ, மூட்டையை அட்டியிலிருந்து இறக்கிக் கிட்டங்கி வாசலுக்குள்ளேயே போட்டு வைப்பது போன்றது. ஏட்டிலும் அது இருக்கிறது. இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பா உடனே புரிந்துகொண்டார். "அப்ப அடுத்த லாரி வர்ற வரைக்கும் மூட்டை அங்கதான் இருக்கும்" என்றார். அவருடைய அடுத்த சொல்தான் என்னைச் சுட்டது. "கிட்டங்கி நெறஞ்சு கெடந்தா, வர்ற லாரிச் சரக்க அந்த எடத்துலதான போடுவாங்க?"

ஆம். வட்டு காலியாக இருந்திருந்தால், புதிதாக எழுதப்படுவதற்கு எத்தனையோ இடம் இருந்திருக்கும்; அக்காவின் பாடங்கள் பல நாள் தீண்டப்படாமல் கிடந்திருக்கும். நிறைந்த வட்டில், நான் நீக்கிய அந்த 1.6 ஜி.பி.தான் ஏறக்குறைய இருந்த ஒரே காலியிடம். கணினி அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அதன் மேல்தான் விழுந்திருக்கும். அந்தத் துப்புரவு மென்பொருளை இறக்கி நிறுவியபோது லாரியை நானே ஓட்டி வந்து அக்காவின் மூட்டைகள் மேல் சரக்கை இறக்கியிருக்கிறேன். இடம் குறைந்த கணினியில் அவசரமாக நீக்குவது ஏன் பிற நேரங்களைவிட ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம்.

ஆய்வகத்தில் மடிக்கணினியின் அடிப்பலகையைக் கழற்றி வன்வட்டை வெளியே எடுத்தார்கள். வேறொரு கணினியோடு இணைத்து, அதில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்தார்கள். பயன்படுத்திய மென்பொருளின் பெயர் 'ஃபோட்டோரெக்'. பிரெஞ்சு நாட்டு நிரலாளர் கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கியது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அது பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. காலியெனக் குறித்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போய், 'இது ஒலிக்கோப்பின் தொடக்கம் போலிருக்கிறது', 'இது படக்கோப்பின் தொடக்கம்' என்று உள்ளடக்கத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய சில பைட்டுகளோடு தொடங்குவதால் இது முடிகிறது. இருட்டில் மூட்டைமேல் கை வைத்தே இது பச்சரிசி, இது புழுங்கல் என்று அப்பா சொல்வார், அது போல. வட்டு நிறைந்திருந்ததால் தேடவேண்டிய காலியிடமும் சிறிதாகவே இருந்தது. ஒரு வகுப்பு நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. 61 பாடங்கள் முழுமையாகக் கிடைத்தன. 9 பாடங்கள் பாதியிலேயே அறுந்து, வேறெதனோடோ கலந்து இரைந்தன. அவை சிதறி எழுதப்பட்டவையாக இருக்கவேண்டும். 14 பாடங்கள் கிடைக்கவே இல்லை.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். இந்த மீட்பு எங்களுக்குக் கைகூடியது எங்கள் கணினி பழையது என்பதால்தான். இப்போது வரும் மடிக்கணினிகளில் சுழலும் வட்டு இல்லை; எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுச் சேமிப்பகம் இருக்கிறது. அதில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதி முழுவதையும் துடைக்கவேண்டும். துடைப்பது மெதுவான வேலை. ஆகையால் ஒரு கோப்பு நீக்கப்பட்டதும், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடுகிறது. 'ட்ரிம்' என்று இதற்குப் பெயர். சேமிப்பகம் ஓய்வு கிடைக்கும்போது அவற்றைத் துடைத்து வைத்துக்கொள்கிறது. அங்கே கணக்கப்பிள்ளை கோடு அடித்த கையோடு மூட்டையும் வெளியேறிவிடுகிறது. புதிய கணினி வைத்திருக்கும் நண்பர்கள் நிரந்தர நீக்கத்தை நிரந்தரம் என்றே கொள்ளவேண்டும்.

சரி, எச்சரிக்கை வந்தால் வேறென்னதான் செய்வது? பேராசிரியர் பதில் சொல்வதற்கு முன்பே, அன்று என்னோடு வந்திருந்த அக்கா சொன்னாள்: "அளக்காம துணிய வெட்டலாமா?" முதலில் அளப்பது. அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் 'விண்டிர்ஸ்டாட்' என்பதைக் காட்டினார்கள். வட்டு முழுவதையும் ஒரு பெரிய செவ்வகமாக வரைந்து, அதற்குள் ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற பரப்புள்ள சிறு செவ்வகமாக வண்ணம் தீட்டிக் காட்டுகிறது. வானிலிருந்து வயல்களைப் பார்ப்பது போல் இருக்கிறது. பெரிய கோப்பு எது என்று தேடவே வேண்டாம், கண்ணில் அறையும்.

இந்த வரைபடமுறையின் பிறப்பே நம் கதையைப் போன்றது. அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 80 எம்.பி. வட்டு ஒன்று இருந்தது. அதை 14 பேர் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். 1990-இல் அது நிறைந்துவிட்டது. யார் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் காண வழி தேடியபோது அவருக்குத் தோன்றியதுதான் இந்தச் செவ்வகங்களுக்குள் செவ்வகங்கள். 'ட்ரீமேப்' என்று அதற்குப் பெயரிட்டார். இன்று பங்குச் சந்தை நிலவரத்தையும் நாடுகளின் வரவு செலவையும் அதே முறையில் வரைந்து காட்டுகிறார்கள். ஒரு வட்டு நிறைந்ததால் உலகுக்குக் கிடைத்த நன்மை அது. எங்கள் வீட்டு வட்டு நிறைந்ததால் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் வட்டின் படம் என்ன காட்டியது? விண்டோஸும் அதன் துணைகளும் முப்பது ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. அதில் நாம் கை வைப்பதற்கில்லை. 'டவுன்லோட்ஸ்' கோப்புறை 17 ஜி.பி.; அதில் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மட்டும் ஏழு பிரதிகள், என் தேர்வு நுழைவுச்சீட்டு நான்கு பிரதிகள். எங்கே வைத்தோம் என்று தேடச் சோம்பி ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கியதன் பலன். மேசைத்திரையில் நண்பன் கொடுத்த திரைப்படங்கள் 12 ஜி.பி.; அவற்றில் இரண்டுதான் நான் பார்த்தவை. அக்காவின் பழைய கைப்பேசியிலிருந்த படங்கள் இரண்டு முறை முழுமையாகப் படியெடுக்கப்பட்டு 14 ஜி.பி. வாட்ஸ்அப் காலை வணக்கப் படங்களைப் பற்றி எழுதவே வேண்டாம்.

இன்னொன்றும் இருந்தது. கணினியை 'உறக்கத்தில்' ஆழ்த்தும்போது நினைவகத்தில் இருப்பதை அப்படியே எழுதி வைப்பதற்கென்று விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் கோப்பு. நினைவகத்தின் அளவில் பத்தில் நான்கு பங்கு அதற்கு ஒதுக்கப்படுகிறது. 4 ஜி.பி.யில் பத்தில் நான்கு பங்கு 1.6 ஜி.பி. நான் நீக்கிய பாடங்களின் அதே அளவு! எங்கள் வீட்டில் அந்த வசதியை யாரும் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையால் அதை நிறுத்தினால் அந்தக் கோப்பு தானாக மறைந்துவிடும். கணினி துவங்கச் சில நொடிகள் கூடுதலாகும். மின்கலம் தீரும் தறுவாயில் வேலையைக் காப்பாற்றும் வசதியும் போய்விடும். மின்கலம் நன்றாக உள்ளவர்கள் யோசித்துச் செய்க. எங்கள் மின்கலம் செத்து இரண்டாண்டு ஆகிறது, நாங்கள் யோசிக்கவில்லை.

இவ்வளவையும்விட வெட்கக்கேடான செய்தி ஒன்று உண்டு. எங்கள் வட்டு நிறையவே இல்லை! கடையில் விண்டோஸ் 10 ஏற்றித் தந்தபோது 'சி' பிரிவுக்கு 97 ஜி.பி. மட்டும் கொடுத்துவிட்டு மீதி முழுவதையும் 'டி' பிரிவாக ஆக்கியிருந்தார்கள். 'டி'-யில் 300 ஜி.பி.க்கு மேல் காலியாகக் கிடந்தது. முன்னறையில் கால் வைக்க இடமின்றித் தவித்துக்கொண்டு, பக்கத்து அறையைத் திறந்தே பார்க்காத குடும்பம் நாங்கள். மேசைத்திரை, டவுன்லோட்ஸ், படங்கள் ஆகிய கோப்புறைகள் எல்லாம் வழக்கமாக 'சி'-யில்தான் இருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. அக்கோப்புறையின் மேல் வலச்சொடுக்கு செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று, 'லொக்கேஷன்' என்ற பகுதியில் 'டி'-யில் ஓரிடத்தைக் காட்டினால் உள்ளே இருப்பவை யாவும் அங்கே குடிபெயர்ந்துவிடும். நீக்கவேண்டிய தேவையே இல்லை. இதற்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பெயர்க்க முடியாததற்கு விண்டோஸிலேயே உள்ள 'டிஸ்க் கிளீனப்' போதும். அதில் 'சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதையும் சேர்த்துத் துப்புரவு செய்யலாம். பழைய புதுப்பிப்புகளின் எச்சங்கள் அப்போது நீங்கும். ஆனால் குறியிட்டிருக்கும் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே அழுத்தவேண்டும். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் சேர்த்துவிட்டார்கள். படிக்காமல் எல்லாவற்றிலும் குறியிட்டவர்கள் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் நாமே புகுந்து நீக்குவது கூடவே கூடாது. அங்கே ஒரே கோப்பு இரண்டு மூன்று பெயர்களில் பதிவாகியிருக்கும், அளவு பெரிதாகத் தோன்றும், ஆசை காட்டும். ஒன்றை நீக்கினால் இடமும் கிடைக்காது, கணினியும் கிடைக்காமல் போகலாம்.

படங்களையும் படச்சுருள்களையும் 'ஜிப்' செய்து சுருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிவது போலத்தான். எழுத்துக் கோப்புகளோ சுருங்கும். ஆனால் அவற்றால் வட்டு நிறைவதே இல்லை. கணினியில் பெரும்பாலும் வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். 'கி' என்று எழுதினால் ககரத்துக்கு மூன்றும் கொக்கிக்கு மூன்றுமாக ஆறு. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே ஒன்று. இப்படி நமக்கு மட்டும் செலவு கூடுதலாக இருந்தும் இந்த முழுக் கட்டுரையும் 70 கே.பி. அளவில் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படத்தின் இடத்தில் இதுபோல் ஐம்பது கட்டுரை வைக்கலாம். மலர் ஆசிரியர் குழு அதைக் கேட்டு அஞ்சவேண்டாம்.

எங்கள் வட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 500 ஜி.பி. என்று இருக்கிறது. கணினி 465 என்றுதான் காட்டுகிறது. மீதி 35-ஐக் கடைக்காரர் திருடிக்கொண்டார் என்று என் நண்பன் ஒருவன் நெடுநாள் நம்பியிருந்தான். யாரும் திருடவில்லை, படிதான் வேறு. பட்டணம் படி, சின்னப்படி என்று ஊருக்கு ஊர் படி மாறியதைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். வட்டைச் செய்பவர்களுக்கு ஒரு ஜி.பி. என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கோ அது இரண்டின் அடுக்கு முப்பது, அதாவது 1,07,37,41,824 பைட். 500-ஐ 1.0737-ஆல் வகுத்துப் பாருங்கள். பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டாவது வகைப் படிகளுக்குக் கிபி, மெபி, ஜிபி என்று தனி முன்னொட்டுகள் வகுத்தது. விண்டோஸ் இன்றும் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருக்கிறது.

இடம் என்பதன் மதிப்பு எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு ஒரு கணக்கு. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அதில் 50 இலட்சம் எழுத்துகளை வைக்கலாம். இன்றைய கணக்கில் 4 எம்.பி.க்கும் குறைவு. அக்காவின் ஒரு பாடம் இருபது நிமிடம், 19 எம்.பி. அந்த ஒரு பாடத்தை வைக்க அறை கொள்ளாத அந்தப் பெட்டிகள் ஐந்தாறு தேவைப்பட்டிருக்கும்.

'டி'-க்கு மாற்றியதோடு கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். பேராசிரியர் அதையும் திருத்தினார். 'சி'-யும் 'டி'-யும் ஒரே தட்டின் இரண்டு பங்குகள். தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே 'டி'-யில் வைத்தது இரண்டாவது பிரதி ஆகாது. உதவித்தொகை வந்தபோது 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை அதில் படியெடுத்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைக்கிறோம்.

மீட்டெடுத்த 61 பாடங்களுக்கும் பெயர் இல்லை என்று சொன்னேனல்லவா? பேரேட்டைப் பார்க்காத மென்பொருளுக்குப் பெயர் எப்படித் தெரியும்? எல்லாம் 'எஃப்' என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக வந்தன. எது வரலாறு, எது பொது அறிவு, எது இலக்கணம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பெயரிட வேண்டியிருந்தது. அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். மூன்று வாரம், இரவில் இரண்டு மணி நேரம். அக்கா படிப்பதை அவ்வளவு நேரம் நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. சில பாடங்களில் நடுவே அம்மா தண்ணீர் கேட்பதும், அக்கா இருமுவதும், மழை பெய்வதும் பதிவாகியிருக்கின்றன. ஒன்றில் நான் வந்து, "சத்தமா படிக்காதக்கா, எனக்குப் பரீட்சை" என்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பாடம் முழுவதும் அவள் குரல் தணிந்தே ஒலிக்கிறது. அந்தக் கோப்புக்கு மட்டும் நான் ஒலியின் அளவைக் கூட்டி வைத்தேன்.

கெட்டுப்போனதும் கிடைக்காததுமாக 23 பாடங்களில் 19-ஐ அவள் மறுபடி படித்துப் பதிவு செய்துவிட்டாள். 'சி' பிரிவில் இன்று காலை பார்த்தபோது 48 ஜி.பி. காலியாக இருந்தது, பட்டை நீலமாகிவிட்டது. கோப்புறையின் பெயரை அக்காவே தமிழில் தட்டச்சு செய்து மாற்றினாள். 'என் பாடம், தம்பி தொடாதே' என்று இருக்கிறது.